உடம்பின் கடைமடை



போன வாரம் ஒரு ராத்திரி எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. பேத்தியின் கையில் டார்ச் விளக்கு கிடைத்தது. சும்மா இருப்பாளா? விளக்கின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். விரல்களின் ஓரமெல்லாம் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. "பாட்டி, என் கைக்குள்ளே நெருப்பு எரியுது!" என்று ஒரே கும்மாளம்.

நீங்களும் நானும் குழந்தையாக இருந்தபோது விளையாடிய விளையாட்டுத்தான். ஆனால், கை ஏன் சிவப்பாகத் தெரிகிறது என்று அன்று நாம் கேட்டோமா? டார்ச்சிலிருந்து வருவது வெள்ளை வெளிச்சம். எல்லா வண்ணங்களும் அதில் அடக்கம். நீலத்தையும் பச்சையையும் நம் ரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பை மட்டும் பெரும்பாலும் போக விட்டுவிடுகிறது. அதுதான் விரலின் மறுபக்கம் வந்து எட்டிப் பார்க்கிறது.

இந்த விளையாட்டின் தத்துவத்தை வைத்து ஒரு வைத்தியக் கருவியே செய்திருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். "நமக்கு எதற்கு அம்மா விஞ்ஞானம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது என் பெரியம்மாவின் கால் சம்பந்தப்பட்ட சமாசாரம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த வியாதி இருக்கிறதென்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. ஆகவே, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நார்த்தாமலைக்குப் போன கால்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கியில் என் பெரியம்மா இருக்கிறாள். வயது 78. சர்க்கரை வியாதி வந்து 20 வருஷமாகிறது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்வாள். பலகாரத்தைப் பார்த்தால் மட்டும் மாத்திரை மறந்துவிடும்!

வருஷா வருஷம் பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மனைப் பார்த்துவிட்டு வர வேண்டும் அவளுக்கு. போன பங்குனியிலும் போனாள். கூட்டம் அதிகமென்று வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். உச்சி வெயில். பெரியம்மா செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு, "ஆத்தா பேரைச் சொல்லிக்கிட்டு நடந்தா சுடுமா?" என்று நடந்தாள். உண்மையாகவே சுடவில்லை. அதுதான் ஆபத்து என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

நாலாம் நாள் காலையில் மருமகள் கூடத்தைப் பெருக்கும்போது, தரையில் ஒரு ஈரத் தடம் இருப்பதைப் பார்த்தாள். அடுப்படி வரைக்கும் போயிருந்தது. மாமியாரை உட்கார வைத்துப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தால், சுண்டு விரலுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம் உடைந்து கிடந்தது.

"ஏன் அத்தை, வலிக்கலையா?"

"வலிச்சாச் சொல்ல மாட்டேனாடி? இப்ப நீ சொல்லித்தான் எனக்கே தெரியுது."

சகோதரிகளே, இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதி நாள்பட்டால், பாதத்து நரம்புகள் மெல்ல மெல்ல மரத்துப் போகும். சூடு தெரியாது, முள் தெரியாது, செருப்புக்குள் கிடக்கும் கல்லும் தெரியாது. வலி என்பது ஒரு காவல்காரன். அந்தக் காவல்காரனே தூங்கிப் போனால் வீட்டின் கதி என்ன?

மஞ்சளும் தேங்காயெண்ணெயுமாகப் பத்து நாள் வைத்தியம் நடந்தது. புண் ஆறவில்லை, ஓரம் கறுத்தது. எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தேன். "வாங்க பெரியம்மா, டாக்டரிடம் போகலாம்" என்று கூப்பிட்டேன்.

பெரியம்மா என்ன செய்தாள் தெரியுமா? பீரோவைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். 2021-ல் கொரோனா ஊரை ஆட்டிப் படைத்தபோது நாமெல்லாம் வாங்கினோமே, விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர், அதுதான். ஆள்காட்டி விரலில் மாட்டினாள். 98 என்று காட்டியது.

"பாத்தியாடி ஆத்தா! நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு மார்க்கு. உடம்புல பிராணவாயு நிறைஞ்சு கிடக்குன்னு மிசினே சொல்லுது."

"கை விரல்தானே பெரியம்மா?" என்றேன்.

உடனே கால் விரலில் மாட்டினாள். சிறிது நேரம் மினுக்கு மினுக்கென்று யோசித்துவிட்டு அது 97 என்றது. பெரியம்மாவின் முகத்தில் வெற்றிப் புன்னகை. என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மிசினே சொல்லும்போது நான் யார்?

பதில் திண்ணையிலிருந்து வந்தது. பெரியம்மாவின் மூத்த மகன், என் அண்ணன், விவசாயி. நாகுடிக்கு அந்தப் பக்கம் நிலம். வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே வந்தார்.

"ஏன் ஆத்தா, மேட்டூர்ல 120 அடி நிரம்பிட்டதுன்னு பேப்பர்ல போட்டுட்டா, நம்ம வயலுக்குத் தண்ணி வந்துட்டதுன்னு அர்த்தமா?"

பெரியம்மா வாயடைத்துப் போனாள். ஐந்து நிமிஷத்தில் புடவை மாற்றிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

வெளியூர்ச் சகோதரிகளுக்கு இதன் அருமை தெரிவதற்காக ஒரு வார்த்தை சொல்கிறேன். கல்லணையிலிருந்து ஒரு பெரிய கால்வாய் பிரிகிறது. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டியது. தஞ்சாவூரைக் கடந்து, பேராவூரணிப் பக்கமாக இறங்கி, புதுக்கோட்டைச் சீமையில் நுழைந்து மும்பாலை ஏரியில் முடிகிறது. கால்வாய்க்குத் தலைமடை தஞ்சாவூர்ப் பக்கம். அறந்தாங்கி, நாகுடி, மும்பாலையெல்லாம் கடைமடை. அணை நிரம்பியிருக்கும், தலைமடையில் நாற்று நட்டுப் பாட்டும் பாடிக்கொண்டிருப்பார்கள், கடைமடைக்காரன் மட்டும் வாய்க்கால் கரையில் நின்று வழி பார்த்துக்கொண்டிருப்பான். இடையில் ஓர் இடத்தில் கரை உடைந்தாலோ, வண்டல் மேடிட்டாலோ போச்சு!

நம் உடம்புக்கும் ஒரு கடைமடை உண்டு. அதுதான் பாதம். இதயத்திலிருந்து புறப்படும் ரத்தம் கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய இடங்களில் ஒன்று. சர்க்கரை வியாதியும், ரத்தக் கொதிப்பும், புகையிலையும் ரத்தக் குழாய்களில் வண்டல் படிய வைக்கும். அணையில் 98 இருந்தாலும் கடைமடை காயும்.

விரல் கருவி எதைச் சொல்கிறது?

அப்படியானால், அந்த ஆக்சிமீட்டர் பொய் சொன்னதா? இல்லை. நாம் கேட்காத கேள்விக்கு அது சரியான பதில் சொன்னது.

அந்தக் கருவியின் ஒரு தாடையில் இரண்டு விளக்குகள் இருக்கின்றன. ஒன்று நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு. மற்றொன்று அகச்சிவப்பு, சிவப்புக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பது, ஆனால் நம் கண்ணுக்குப் புலப்படாது. இப்படி ஓர் ஒளி இருப்பதை முதலில் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷெல் என்ற வான சாஸ்திரி. 1800-ல் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் வண்ண வண்ணமாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, வெறும் இருட்டாகத் தெரிந்த இடத்தில்தான் சூடு அதிகம் ஏறிற்று. கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார்!

ரத்தத்தின் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். பிராணவாயுவைச் சுமந்துகொண்டு போகும்போது அது பளிச்சென்ற சிவப்பு. இறக்கி வைத்துவிட்டுத் திரும்பும்போது மங்கிய கருஞ்சிவப்பு. சுமையோடு போவது ஒரு வகை ஒளியை அதிகம் விழுங்கும். சுமையிறக்கியது வேறு வகை ஒளியை அதிகம் விழுங்கும். இரண்டு ஒளியும் எவ்வளவு மிஞ்சி வருகிறதென்று பார்த்தால், நூற்றுக்கு எத்தனை பங்கு ஹீமோகுளோபின் சுமையோடு இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

ஆனால், விரலில் ரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், சதை, எலும்பு எல்லாம் ஒளியை விழுங்குகின்றனவே! ஜப்பானில் டாகுவோ அயோயாகி என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். அவர் வேறொரு பரிசோதனைக்காகக் காது வழியாக ஒளியைச் செலுத்திக்கொண்டிருந்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்தது. அதை ஒழிக்கப் பார்த்தவர், அதுவே தமக்கு உதவும் என்று கண்டுகொண்டார். துடிப்பது ரத்த நாளம், துடிக்காதது மற்றதெல்லாம். துடிப்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டால் போதுமே! 1974-ல் இதை வெளியிட்டார். விரலில் மாட்டும் கருவியெல்லாம் இந்த யோசனையின் வழிவந்தவைதான். உலகமெங்கும் வீட்டுக்கு வீடு அந்தக் கருவியைத் தேடிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில், தமது 84-ஆவது வயதில் அவர் காலமானார்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. துடிக்காததையெல்லாம் தள்ளிவிட்டு, நாளத்தில் வரும் ரத்தத்தை மட்டும் பார்ப்பது அந்தக் கருவி. நுரையீரல் தன் வேலையைச் செய்கிறதா என்பதற்கு அது நல்ல சாட்சி. வாய்க்காலில் வரும் தண்ணீர் நல்ல தண்ணீர்தானா என்று சொல்லும். எத்தனை குடம் வருகிறது, வயல் நனைந்ததா என்று சொல்லாது. பெரியம்மாவின் கால் விரலுக்கு வந்த சொற்ப ரத்தமும் நல்ல ரத்தம்தான். அதனால் 97 காட்டிற்று. போதுமான ரத்தம் வருகிறதா என்பது வேறு கேள்வி.

வயலையே பார்க்கும் ஒளி

சதையில் தங்கியிருக்கும் ரத்தத்தையே பார்க்க முடிந்தால்? உறுப்பு எடுத்துக்கொண்டது போக மிச்சம் எவ்வளவு என்று கணக்கிட முடிந்தால்? அந்த வழியைத் திறந்துவிட்டவர் அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையில் இருந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ்.

அவர் கதை நம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஏனென்றால், அது சாப்பாட்டு மேஜையில் நடந்தது. ஒரு நாள் இரவு வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு, தட்டில் மிஞ்சிய இறைச்சியின் தட்டையான எலும்பு ஒன்றை அவர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் அவருடைய மகன். எலும்புக்கு அப்பால் பிடித்த விரலின் நிழல் சிவப்பொளியில் தெரிந்தது. 'கண்ணுக்குத் தெரியும் சிவப்பே எலும்பைக் கடக்கிறதென்றால், அகச்சிவப்பு இன்னும் நன்றாகக் கடக்குமே! மண்டையோட்டைத் திறக்காமலே மூளையின் பிராணவாயுவைப் பார்க்கலாமே!' என்று அவருக்குத் தோன்றிற்று. 1977-ல் அவருடைய கட்டுரை 'சயின்ஸ்' பத்திரிகையில் வந்தது.

எல்லா ஒளிக்கும் உடம்பு கதவைச் சாத்துகிறது. கண்ணுக்குத் தெரியும் வண்ணங்களை ரத்தம் விழுங்கிவிடும். அகச்சிவப்பிலே வெகு தூரம் போனால் உடம்பிலுள்ள தண்ணீர் விழுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல் மட்டும் திறந்திருக்கிறது. ஏறக்குறைய 650 முதல் 900 நானோமீட்டர் வரை. (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் போட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர்.) அந்த ஜன்னல் வழியாகத்தான் விஞ்ஞானிகள் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். எக்ஸ்ரே போல உடம்பைத் துளைக்கும் கதிரல்ல. ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை. இதய அறுவை சிகிச்சையின்போதும், குறைமாதத்தில் பிறந்த சிசுக்களைக் காப்பாற்றும் பிரிவிலும் மூளையின் பிராணவாயுவைக் கவனிக்க இந்த ஒளியைப் பயன்படுத்துகிறார்கள்.

ரத்தம் ஓடும் வேகத்தையும் ஒளி சொல்லும். கண்மாய்த் தண்ணீரில் வெயில் படும்போது பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் அசையாதிருந்தால் மினுமினுப்பு நிதானமாக இருக்கும். காற்றடித்து அலை எழும்பினால் மினுமினுப்பும் படபடக்கும். அதே மாதிரிதான். லேசர் ஒளியைச் சதைக்குள் அனுப்பினால், ஓடும் ரத்த அணுக்களில் மோதிச் சிதறித் திரும்புகிறது. திரும்பும் ஒளி எவ்வளவு வேகமாக மினுக்குகிறதோ, அதற்கேற்ப ரத்தம் ஓடுகிறதென்று கணக்கு. டேவிட் போவாஸ், அர்ஜுன் யோத் முதலான விஞ்ஞானிகள் 1995-ல் இந்த முறைக்கு ஒரு நல்ல அஸ்திவாரம் போட்டார்கள்.

முன்பெல்லாம் இத்தகைய கருவிகள் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். இப்போது கையில் எடுத்துப் போகும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. அமெரிக்காவில் மயாமி நகரிலுள்ள புளோரிடா சர்வதேச சர்வகலாசாலையில் அனுராதா கோடவர்த்தி என்ற நம் இனத்துப் பெயர் கொண்ட பெண்மணியும் அவருடைய குழுவினரும், கையில் பிடித்தபடியே பாதத்துப் புண்ணை அகச்சிவப்பில் படமெடுக்கும் கருவி ஒன்றைச் செய்து, சர்க்கரை வியாதிக்காரர்களின் புண்களில் சோதித்திருக்கிறார்கள். புண்ணைத் தொடவே வேண்டாம். எட்ட இருந்தே பார்த்துவிடலாம்.

மடிமீது ஒரு பாதம்

இனி பெரியம்மாவிடம் திரும்புவோம். நாங்கள் போனது பெரிய ஊர் ஒன்றில், பாத நோய்க்கென்றே இருக்கும் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. சிறு முக்காலியைப் போட்டுக் கீழே உட்கார்ந்து, பெரியம்மாவின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பெரியம்மா பதறிப்போய்க் காலை இழுத்தாள். "ஐயய்யோ! படிச்ச பொண்ணு, என் காலைத் தொடலாமா?"

"ஆசீர்வாதம் வாங்குறேன்னு நெனச்சுக்குங்க பாட்டி" என்று சிரித்தாள் அந்தப் பெண்.

நம் பெண்களில் எத்தனை பேர் இந்தக் கூச்சத்தினாலேயே பாதத்தைக் காட்டாமல் இருக்கிறார்கள்! டாக்டர் கேட்டால்கூட, "சும்மா ஒரு கீறல்" என்று புடவையை இழுத்து மூடிக்கொள்கிறோம்.

டாக்டர் எடுத்த எடுப்பில் கருவியைக் கொண்டுவரவில்லை. முதலில் தன் விரல்களால் புறங்காலிலும் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பார்த்தாள். நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் அங்கங்கே அழுத்தி, "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்டாள். பெரும்பாலும், "எங்கம்மா?" என்பதே பதில். பிறகு கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிட்டாள். டாப்ளர் கருவியை வைத்து ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டாள். கடைசியில்தான் விளக்கை அணைத்துவிட்டு, காமிராவைப் போன்ற கருவியைப் பாதத்துக்கு நேரே பிடித்தாள்.

திரையில் பாதம் தெரிந்தது. குதிகால் பக்கம் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. விரல் பக்கம் வர வர நிறம் மாறி, புண்ணைச் சுற்றி நீலம் படர்ந்திருந்தது. அந்த நிறங்கள் உடம்பின் நிறமல்ல; பிராணவாயு எங்கே அதிகம், எங்கே குறைவு என்று நமக்குப் புரிவதற்காகக் கருவி தீட்டும் வர்ணம்.

"இந்த நீலம் இருக்கிற இடத்துக்கு ரத்தம் சரியாப் போகலை பாட்டி. எவ்வளவு மருந்து போட்டாலும், ரத்தம் போனால்தான் புண் ஆறும்" என்றாள் டாக்டர்.

"கடைமடை காயுதுன்னு சொல்லு" என்றாள் பெரியம்மா.

பிறகு ஸ்கான் எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு ரத்தக் குழாயில் அடைப்பு. மெல்லிய கம்பியை விட்டு, சிறு பலூனால் அதைத் திறந்தார்கள். அப்புறம் எடுத்த படத்தில் நீலம் சுருங்கியிருந்தது. ஆனாலும், சுண்டு விரல் ஏற்கெனவே கறுத்துப் போயிருந்ததால் அதை எடுக்கும்படி ஆயிற்று. புண் ஆற மூன்று மாதம் பிடித்தது. "பத்து நாள் முந்தி வந்திருந்தால் விரலும் தப்பியிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னபோது, மஞ்சளரைத்துக் கொடுத்த மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளைக் குறை சொல்வானேன்? எங்களில் யாருக்குத் தெரிந்திருந்தது?

ஒளிக்கும் ஒரு குறை

கருவியைப் புகழ்ந்துவிட்டுக் குறையை மறைப்பது நியாயமல்ல. இந்த ஒளி சதைக்குள் வெகு ஆழம் போகாது. கருவியின் படம் டாக்டரின் தீர்ப்புக்கு ஒரு துணைதான். எல்லா ஊரிலும் இது இல்லை. இன்னொன்றும் உண்டு, அது நம் நிறத்தைப் பற்றியது.

தோலுக்குக் கறுப்பைத் தரும் மெலனின் என்ற பொருளும் ஒளியை விழுங்கும். அமெரிக்காவில் மிச்சிகன் டாக்டர்கள் சிலர் 2020 டிசம்பரில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். விரல் கருவி 92 முதல் 96 வரை காட்டிய சமயங்களில், ரத்தத்தையே எடுத்துச் சோதித்தால் உண்மையில் 88-க்கும் கீழே இறங்கியிருந்தது, வெள்ளையரிடம் 100-க்குச் சுமார் 4 தடவை. கறுப்பின மக்களிடம் சுமார் 12 தடவை. ஏறக்குறைய மூன்று மடங்கு! கருவி எல்லாத் தோலையும் ஒரே மாதிரி படிக்கவில்லை என்பது இதனால் தெரிகிறது. வெவ்வேறு நிறத்தவரிடம் எப்படிச் சோதிக்க வேண்டுமென்று 2025 ஜனவரியில் அமெரிக்க அரசாங்க நிர்வாகம் ஒரு வரைவு விதிமுறையையும் வெளியிட்டது.

ஆகவே, கருவி 96 காட்டினாலும் மூச்சு வாங்கினால், எண்ணை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். நம்மூர்க் கறுப்பிலும் மாநிறத்திலும் இந்தக் கருவிகளையெல்லாம் நன்றாகச் சோதித்துப் பார்த்த பிறகே நம்மிடம் விற்க வேண்டும். அழகுக்காக நம் நிறத்தைப் பற்றி இத்தனை காலம் கவலைப்பட்டது போதும். இனி இப்படிப்பட்ட நியாயமான காரணத்துக்குக் கவலைப்படுவோம்.

விரல் கருவி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில: கறுப்பு, நீலம், பச்சை நகப் பூச்சு இருந்தால் துடைத்துவிடுங்கள். கறுப்புச் சாய மருதாணி இட்ட விரலை விட்டு வேறு விரலைப் பாருங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். உட்கார்ந்தபடி ஒரு நிமிஷம் பொறுத்து எண்ணைப் படியுங்கள்.

இன்று ராத்திரி செய்யுங்கள்

அகச்சிவப்புக் காமிரா உங்கள் ஊருக்கு வரும்போது வரட்டும். அதுவரை உங்களிடம் இரண்டு கண்கள் இருக்கின்றன. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் தினமும் ஒரு தடவை பாதத்தைப் பார்க்க வேண்டும். உள்ளங்காலைக் குனிந்து பார்க்க முடியாவிட்டால் தரையில் ஒரு முகக் கண்ணாடியை வைத்துக்கொள்ளுங்கள். கண் மங்கியவர்களுக்கு வீட்டில் இன்னொருவர் பார்த்துச் சொல்லட்டும். விரல் இடுக்குகளையும் மறக்காதீர்கள்.

காலைக் கழுவிய பிறகு இடுக்குகளில் ஈரம் தங்காமல் துடையுங்கள். வறண்ட தோலுக்கு எண்ணெய் தடவலாம். இடுக்கில் மட்டும் வேண்டாம். வெந்நீரில் காலை விடுமுன் முழங்கையால் சூடு பாருங்கள். மரத்த கால் பொய் சொல்லும். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். செருப்பைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போட்டு நடப்பதில் குற்றமில்லை. வீட்டுச் செருப்பை வேறாக வைத்துக்கொண்டால் ஆசாரமும் கெடாது.

சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நின்றால் விடுகிறதா? ஒரு பாதம் மட்டும் சில்லிட்டிருக்கிறதா? நிறம் மாறுகிறதா? புண் வந்திருக்கிறதா? உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வலி இல்லையே என்று ஆறுதல் அடைய வேண்டாம். வலி இல்லாத புண்தான் அதிகம் பயப்பட வேண்டிய புண். புண் ஒன்றும் இல்லாவிட்டாலும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது, "டாக்டர், என் பாதத்தையும் பாருங்கள்" என்று நீங்களாகவே கேளுங்கள்.

வீட்டில் குழந்தையின் முழங்கால் சிராய்ப்பு முதல் கணவரின் கால் வெடிப்பு வரை எல்லாவற்றையும் பார்ப்பவள் நீங்கள். உங்கள் பாதத்தை யார் பார்க்கிறார்கள்? குடும்பத்துக்கே தண்ணீர் பாய்ச்சிவிட்டுத் தன்னைக் கடைமடையாக விட்டுக்கொள்வது நம் பெண்களின் பழக்கம். இன்று ராத்திரி அடுப்படி வேலை முடிந்ததும், ஐந்து நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் பாதத்தைப் பாருங்கள்.

பெரியம்மா இப்போது சௌக்கியம். நார்த்தாமலைக்குப் போவதை விடச் சொல்லவில்லை டாக்டர். "விடியற்காலையில், தரை குளிர்ந்திருக்கும்போது போங்க. வாசல் வரைக்கும் செருப்பு. உள்ளே போறப்ப தடித்த காலுறை" என்றாள். பெரியம்மாவும் சம்மதித்துவிட்டாள். ஆக்சிமீட்டர் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. கண்ணாடி மட்டும் கட்டிலுக்குக் கீழே வந்துவிட்டது.

போன வாரம் மின்சாரம் போனதென்றேனே, அன்று பெரியம்மாவும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பேத்தி டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியம்மாவின் கால் விரலுக்கடியில் பிடித்தாள். "பூட்டி காலும் சிவக்குது!" என்று கத்தினாள். அது வைத்தியப் பரிசோதனை ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பெரியம்மா குனிந்து பார்த்து, "கடைமடைக்குத் தண்ணி வந்துருச்சுடி" என்றாள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.